அறுபத்தைந்துக்குப் பிறகு ஒரு சிறுநீரகம்: வரிசை வயதானவரை எங்கே நிறுத்துகிறது?

அமெரிக்காவில் சிறுநீரக மாற்றுக்குப் பெயர் பதியும் வயதானவர்களின் முன் ஒரு சம்மதப் படிவம் வைக்கப்படும். ஒவ்வொரு தானச் சிறுநீரகத்துக்கும் தரப்படும் கே.டி.பி.ஐ. என்ற மதிப்பெண் 85 சதவீதத்துக்கு மேல் உள்ள சிறுநீரகம் கிடைத்தால் ஏற்றுக்கொள்வீர்களா என்று அது கேட்கும். விவரம் தெரியாமல் படித்தால் நல்ல செய்தி போலத்தான் தோன்றும். பரீட்சையில் 85 வாங்கிய சிறுநீரகத்தை யார் வேண்டாம் என்பார்கள்?

விஷயம் நேர்மாறானது. அந்த எண் ஏற ஏற, சிறுநீரகம் எத்தனை காலம் உழைக்கும் என்ற எதிர்பார்ப்பு இறங்கும். 85 என்றால், முந்தைய ஆண்டில் தானமாகக் கிடைத்த சிறுநீரகங்களில் 85 சதவீதம் இதைவிட நீண்ட காலம் உழைக்கக்கூடியவை என்று பொருள். இது தெரிந்ததும், "அப்படியானால் மட்டமானதை எங்கள் தலையில் கட்டுகிறார்களா?" என்று வயதானவர்களுக்குக் கோபம் வரும். அந்தக் கோபத்தில் பாதி நியாயம் உண்டு, பாதி இல்லை. எது எந்தப் பாதி என்று பிரித்துப் பார்ப்போம்.

இறந்தவரிடமிருந்து எடுக்கப்படும் சிறுநீரகம் யாருக்குப் போகவேண்டும் என்பதை அன்று பணியில் இருக்கும் மருத்துவர் தன் விருப்பப்படி முடிவு செய்வதில்லை. ரத்த வகை, திசுப் பொருத்தம், காத்திருந்த காலம், தூரம் என்று பலவற்றையும் சேர்த்து ஒரு கணினி பெயர்ப் பட்டியலை வரிசைப்படுத்தித் தருகிறது. அந்த வரிசையைத் தீர்மானிக்கும் சூத்திரம்தான் ஒதுக்கீட்டு விதி. உயிரோடு இருக்கும் ஒருவர் தன் கணவருக்கோ தங்கைக்கோ ஒரு சிறுநீரகத்தைத் தருவது இந்த விதிக்குள் வராது. அதைக் கடைசியில் பார்க்கலாம்.

கல்லீரலுக்கும் இதயத்துக்கும் விதி ஓரளவு எளிது. யாருடைய நிலைமை மிக மோசமோ அவருக்கு முதலிடம், ஏனென்றால் மாற்று உறுப்பு கிடைக்காவிட்டால் அவர் சில நாட்களிலோ வாரங்களிலோ இறந்துவிடக்கூடும். சிறுநீரகத்துக்கு இந்த வாதம் அப்படியே பொருந்தாது. இங்கே டயாலிசிஸ் இருக்கிறது. வாரத்துக்கு மூன்று நாள் இயந்திரத்தோடு கட்டிப்போடும் வாழ்க்கைதான், ஆனாலும் உயிர் ஓடிக்கொண்டிருக்கும். அதனால் நெடுங்காலம் சிறுநீரக வரிசையில் பெரிய எடை காத்திருந்த காலத்துக்குத்தான் இருந்தது. யார் அதிக நாள் காத்திருந்தாரோ அவருக்கு முதலில்.

கேட்பதற்கு இதைவிட நியாயமான விதி இருக்க முடியாது. நடைமுறையில் அது விசித்திரமான விளைவுகளைத் தந்தது. விபத்தில் இறந்த 20 வயது இளைஞரின் சிறுநீரகம், 35 ஆண்டு உழைக்கும் தெம்போடு, 74 வயதுக்காரருக்குப் போகும். அவர் சில ஆண்டுகளில் மாரடைப்பில் இறந்துபோவார். சிறுநீரகம் கடைசி நாள்வரை நன்றாகவே வேலை செய்திருக்கும். அதே வாரத்தில் 28 வயதுப் பெண்ணுக்கு 62 வயதுக் கொடையாளரின் சிறுநீரகம் கிடைக்கும். அது ஏழெட்டு ஆண்டுகளில் ஓய்ந்துவிட, அவர் மறுபடி பட்டியலின் அடியில் வந்து நிற்பார். இது நான் கற்பனையாகச் சொல்லும் ஜோடிதான். ஆனால் வயதான உறுப்புப் பெறுபவர்களிடம் மாற்றுச் சிறுநீரகம் "இழக்கப்படும்" முக்கிய வழியே, அது நன்றாக இயங்கிக்கொண்டிருக்கும்போது அவர் இறந்துவிடுவதுதான்.

வயதை எப்படிக் கணக்கில் எடுப்பது?

இந்தப் பொருந்தாமையைச் சரிசெய்ய அமெரிக்கா எடுத்த முயற்சியின் கதை சுவாரசியமானது. 2011-ல் ஒரு யோசனை முன்வைக்கப்பட்டது. கிடைக்கும் சிறுநீரகங்களில் மிக நல்ல 20 சதவீதத்தை, நீண்ட காலம் வாழக்கூடிய நோயாளிகளுக்குத் தருவது. மீதி 80 சதவீதத்தைக் கொடையாளரின் வயதோடு 15 ஆண்டுகளுக்குள் ஒத்துப்போகிறவர்களுக்கு முன்னுரிமையாகத் தருவது. 40 வயதுக் கொடையாளர் என்றால் 25 முதல் 55 வரை உள்ளவர்களுக்கு முதலிடம். பார்க்க எளிமையான விதிதான். ஆனால் 1975-ல் இயற்றப்பட்ட வயதுப் பாகுபாட்டுத் தடைச் சட்டம் அமெரிக்காவில் இருக்கிறது. அரசு நிதியோடு நடக்கும் ஒரு திட்டத்தில் பிறந்த ஆண்டைப் பார்த்து ஒருவரைப் பின்னால் தள்ளுவது சட்டப்படி செல்லுமா என்ற கேள்வி எழுந்தது. யோசனை கைவிடப்பட்டது.

2014 டிசம்பர் 4 அன்று நடைமுறைக்கு வந்த புதிய விதி வேறு வழியில் போனது. ஒரு பக்கம் சிறுநீரகத்துக்கு மதிப்பெண். அதுதான் மேலே சொன்ன கே.டி.பி.ஐ. கொடையாளரின் வயது, உயரம், எடை, அவருக்கு ரத்தக் கொதிப்போ சர்க்கரை நோயோ இருந்ததா, எப்படி இறந்தார், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் எவ்வளவு என்பவற்றிலிருந்து அது கணக்கிடப்படுகிறது. மறுபக்கம் பெறுபவருக்கும் ஒரு மதிப்பெண், இ.பி.டி.எஸ். மாற்றுக்குப் பிறகு இவர் எவ்வளவு காலம் வாழக்கூடும் என்ற மதிப்பீடு அது. அதற்குள் நான்கே விஷயங்கள்தான்: வயது, டயாலிசிஸில் கழிந்த காலம், சர்க்கரை நோய் உண்டா, முன்பு ஏதாவது உறுப்பு மாற்று நடந்திருக்கிறதா. இங்கேயும் எண் குறைவாக இருந்தால்தான் நல்லது. சிறுநீரகங்களில் முதல் 20 சதவீதம், பெறுபவர்களில் முதல் 20 சதவீதத்துக்கு முன்னுரிமையாகப் போகும்.

வாசல் வழியாக நுழையவிடாத வயது, ஜன்னல் வழியாக உள்ளே வந்துவிட்டது என்று இதைக் குறை சொல்பவர்கள் உண்டு. வயது மட்டும் இல்லையே, மற்ற மூன்றும் இருக்கின்றனவே என்பது விதியை ஆதரிப்பவர்களின் பதில். கணக்கைப் போட்டுப் பார்த்தால் குறை சொல்பவர்கள் பக்கமே எனக்குச் சாய்வு. அந்தச் சூத்திரத்தில் 25 வயதுக்கு மேல் ஒவ்வோர் ஆண்டும் எண்ணைக் கூட்டிக்கொண்டே போகிறது. சர்க்கரை நோயே இல்லாமல், டயாலிசிஸ் தொடங்காமல், முதல்முறையாகப் பட்டியலுக்கு வரும் ஒருவர்கூட அறுபதைத் தாண்டிவிட்டால் முதல் 20 சதவீதத்துக்குள் வரமாட்டார். தினமும் பத்து கிலோமீட்டர் ஓடினாலும் வரமாட்டார். ஏனென்றால் ஓட்டம் சூத்திரத்தில் இல்லை.

ஆக, மிகச் சிறந்த சிறுநீரகங்களின் கதவு வயதானவர்களுக்கு ஏறக்குறைய மூடப்பட்டது உண்மை. ஆனால் அதைவைத்து ஒட்டுமொத்தக் கதவும் மூடப்பட்டதாக நினைத்துவிடக் கூடாது. மீதி உள்ள பெரும்பான்மைச் சிறுநீரகங்களுக்கு இ.பி.டி.எஸ். பார்க்கப்படுவதே இல்லை. 21 முதல் 85 வரை மதிப்பெண் உள்ளவற்றில் காத்திருந்த காலமும், பிறர் உறுப்பைத் தாக்கும் ஆன்டிபாடிகள் உடலில் எவ்வளவு என்பதும், திசுப் பொருத்தமும்தான் முன்னுரிமையைப் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. 35-க்குக் கீழே உள்ளவற்றில் குழந்தைகளுக்குத் தனி முன்னுரிமை உண்டு. புதிய விதி வந்த புதிதில் 50 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு நடந்த மாற்றுகளின் பங்கு கூடியது, அதற்கு மேற்பட்டவர்களின் பங்கு சற்றுக் குறைந்தது. ஆனால் பெரியவர்கள் துடைத்தெறியப்பட்டதாகச் சொல்ல முடியாது.

அதே விதியில் இருந்த இன்னொரு மாற்றம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. காத்திருப்புக் காலம் பெயர் பதிந்த நாளிலிருந்து அல்லாமல் டயாலிசிஸ் தொடங்கிய நாளிலிருந்து எண்ணப்படும் என்று ஆனது. மூன்று ஆண்டு டயாலிசிஸ் செய்துவிட்டு, "மாற்று அறுவை என்று ஒன்று இருக்கிறது" என்று யாரோ சொல்லித் தாமதமாக வந்து சேரும் பெரியவர்களுக்கு இது கைகொடுத்தது. பதிந்த அன்றே அவர்கள் கையில் மூன்று ஆண்டுக் காத்திருப்பு இருக்கும்.

முதியோருக்கு முதியோர்

ஐரோப்பா இதே சிக்கலை வேறு கோணத்தில் அணுகியது. யூரோடிரான்ஸ்பிளான்ட் என்பது நெதர்லாந்தின் லெய்டன் நகரத்தில் 1967-ல் யான் வான் ரூட் தொடங்கிய அமைப்பு. ஜெர்மனி, ஆஸ்திரியா, நெதர்லாந்து, பெல்ஜியம் உட்பட எட்டு நாடுகள் இன்று அதில் சேர்ந்து உறுப்புகளைப் பகிர்ந்துகொள்கின்றன. அது தொடங்கப்பட்டதன் நோக்கமே திசுப் பொருத்தம்தான். எச்.எல்.ஏ. எனப்படும் திசு அடையாளங்கள் பொருந்துபவரை ஒரே நாட்டுக்குள் தேடுவதைவிடப் பல நாடுகளில் தேடினால் நல்ல ஜோடி கிடைக்கும் என்பது வான் ரூட்டின் எண்ணம்.

அந்த அமைப்புதான் 1999-ல் எச்.எல்.ஏ. பொருத்தத்தையே ஒதுக்கிவைத்த ஒரு திட்டத்தைக் கொண்டுவந்தது. 65 அல்லது அதற்கு மேற்பட்ட வயதுக் கொடையாளரின் சிறுநீரகம், 65 அல்லது அதற்கு மேற்பட்ட பெறுபவருக்கு, அதே வட்டாரத்துக்குள், திசுப் பொருத்தம் பார்க்காமல். யூரோடிரான்ஸ்பிளான்ட் முதியோர் திட்டம் என்று பெயர். பேச்சுவழக்கில் "முதியோருக்கு முதியோர்".

திசுப் பொருத்தத்தை ஏன் விட்டார்கள்? வயதான சிறுநீரகத்தின் பெரிய எதிரி நேரம். உடலைவிட்டு எடுத்த கணத்திலிருந்து அது குளிரூட்டிய பெட்டியில், ரத்த ஓட்டம் இல்லாமல் கிடக்கிறது. இளம் சிறுநீரகம் 20 மணி நேரத்தைத் தாங்கிக்கொண்டுவிடும். ஏற்கெனவே வடிகட்டிகளில் ஒரு பங்கைக் காலப்போக்கில் இழந்துவிட்ட சிறுநீரகத்துக்கு ஒவ்வொரு மணியும் கனமானது. பொருத்தமான ஆளைத் தேடி எட்டு நாடுகளுக்கும் அனுப்பினால் பொருத்தம் கிடைக்கும், சிறுநீரகம் களைத்துப்போயிருக்கும். பக்கத்து ஊரிலேயே தந்துவிட்டால் பொருத்தம் சுமாராக இருந்தாலும் அது புதுக்கருக்கோடு உள்ளே போகும். 1999 முதல் 2004 வரையிலான அனுபவத்தை அலசிய ஆய்வு ஒன்றில், இந்தத் திட்டத்தில் குளிர்ப்பெட்டியில் கிடந்த நேரம் சராசரியாக 11.9 மணி, வழக்கமான ஒதுக்கீட்டில் அது 17 மணிக்கு மேல். முதிய கொடையாளர்களின் உறுப்புகள் கிடைப்பது இரட்டிப்பானது, காத்திருப்புக் குறைந்தது. வழக்கமான ஒதுக்கீட்டோடு ஒப்பிட்டபோது நோயாளிகளும் சிறுநீரகங்களும் பிழைத்திருக்கும் விகிதம் இறங்கவில்லை.

இலவசமாக இது கிடைக்கவில்லை. அதே ஆய்வில், உடல் புதிய சிறுநீரகத்தை எதிர்த்துத் தாக்கும் நிராகரிப்பு நிகழ்வுகள் 5 முதல் 10 சதவீதம் கூடுதலாக இருந்தன. வயதானால் நோயெதிர்ப்புச் சக்தி மந்தமாகும், அதனால் நிராகரிப்பும் குறையும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. ஆனால் வயதான சிறுநீரகம் எதிர்ப்புச் சக்தியைச் சீண்டுவதில் இளம் சிறுநீரகத்தைவிடக் கெட்டிக்காரத்தனமானது. நிராகரிப்பை அடக்க மருந்தைக் கூட்டினாலோ, வயதான உடலில் தொற்றுநோய் தலைதூக்கும். இந்தக் கயிற்றின் மேல்தான் முதியோருக்கான மாற்றுச் சிகிச்சை முழுவதும் நடந்துகொண்டிருக்கிறது.

பிரிட்டன் 2019 செப்டம்பரில் தன் விதியை மாற்றியது. கொடையாளர்களை நான்கு பிரிவாகவும் பெறுபவர்களை நான்கு பிரிவாகவும் பிரித்து, அபாயம் குறைந்த சிறுநீரகம் அபாயம் குறைந்த நோயாளிக்கும், கூடியது கூடியவருக்கும் போகும்படி புள்ளிகள் தரப்படுகின்றன. ஆனால் ஏழு ஆண்டு காத்திருந்தவரும், பொருத்தம் கிடைப்பதே அரிதானவரும் தனி அடுக்கில் முன்னால் வைக்கப்படுவார்கள். வயதை 65 என்ற கோட்டில் வெட்டாமல் சரிவாக வைத்திருக்கும் இந்த ஏற்பாடு எனக்கு நாகரிகமாகப் படுகிறது. 64 வயது 11 மாதம் என்பதற்கும் 65 என்பதற்கும் உடலில் எந்த வித்தியாசமும் இல்லையே.

பெரியவருக்கு எது அரிது?

விதிகளை எல்லாம் விட்டுவிட்டு ஒரு நோயாளியின் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கலாம். அவருக்கு 68 வயது. டயாலிசிஸ் தொடங்கி ஓராண்டு. இதயம் பரவாயில்லை. படிவம் முன்னால் இருக்கிறது.

அமெரிக்காவின் ஒதுக்கீட்டு அமைப்பு நோயாளிகளுக்குத் தந்த விளக்கத்தில் மூன்று எண்கள் உண்டு. மதிப்பெண் 20 வரை உள்ள சிறுநீரகம் ஏறத்தாழ பதினொன்றரை ஆண்டு உழைக்கும் என்று எதிர்பார்க்கலாம். 21 முதல் 85 வரை என்றால் சுமார் 9 ஆண்டு. 85-க்கு மேல் என்றால் ஐந்தரை ஆண்டுக்குச் சற்று மேல். எண்களை மட்டும் பார்த்தால் 9-ஐ விட்டு ஐந்தரையை எவனாவது எடுப்பானா? ஆனால் ஒப்பிட வேண்டிய இரண்டு சிறுநீரகங்களும் ஒரே நாளில் வருவதில்லை. ஐந்தரை ஆண்டுச் சிறுநீரகம் இப்போது வரலாம். 9 ஆண்டுச் சிறுநீரகம் நான்கு ஆண்டு கழித்து வரலாம், வராமலும் போகலாம். இடையில் இருப்பது டயாலிசிஸ்.

65-ஐத் தாண்டி டயாலிசிஸ் தொடங்குபவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஐந்து ஆண்டு முடிவதற்குள் இறந்துவிடுகிறார்கள். பட்டியலில் இடம்பெறுபவர்கள் அவர்களில் தெம்பானவர்கள்தான். அப்படியும், 60 வயதுக்கு மேல் பட்டியலில் சேரும் அமெரிக்கர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் இறந்தவரின் சிறுநீரகம் கிடைக்கும் முன்பே இறந்துபோவார்கள் என்று 2009-ல் வெளியான ஓர் ஆய்வு கணித்தது. நான்கு ஆண்டு கழித்து வரும் நல்ல சிறுநீரகத்தின் 9 ஆண்டைக் கணக்கில் எழுதும்போது, அந்த நான்கு ஆண்டைத் தாண்டுவோமா என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். தாண்டினாலும் 72 வயதில், ரத்தக் குழாய்கள் இன்னும் கெட்டுப்போன உடலோடு, அறுவை மேசையில் ஏறவேண்டும். இளைஞருக்கு அரிதானது நீடித்து உழைக்கும் சிறுநீரகம். பெரியவருக்கு அரிதானது காத்திருக்கும் காலம். ஒரே விதி இருவரையும் ஒரே தராசில் நிறுத்தும்போது தவறு நேர்வது இந்த இடத்தில்தான்.

மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. மாற்று அறுவை முடிந்த மறுநாளே ஆயுள் கூடிவிடுவதில்லை. 1999-ல் ராபர்ட் வுல்ஃப் குழுவினர் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வு, பட்டியலில் காத்திருப்பவர்களையும் மாற்று செய்துகொண்டவர்களையும் ஒப்பிட்டது. அறுவைக்குப் பிறகான முதல் இரண்டு வாரங்களில் இறக்கும் அபாயம், டயாலிசிஸில் தொடர்பவர்களைவிட 2.8 மடங்கு. 18 மாதத்தில் அது டயாலிசிஸில் தொடர்பவர்களின் அபாயத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடுகிறது. முதலில் ஒரு பள்ளம், பிறகு மேடு. அந்தப் பள்ளத்தை ஏறிக் கடக்க இளைஞருக்குச் சில மாதம் போதும். பலவீனமான பெரியவருக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். சுமாரான சிறுநீரகம் என்றால் பள்ளம் இன்னும் ஆழம். முதல் சில வாரங்கள் சிறுநீரகம் தூங்கிக்கொண்டிருக்க, மாற்றுக்குப் பிறகும் டயாலிசிஸ் தொடர வேண்டிவரும். எனவே "எதுவானாலும் சரி, சீக்கிரம் கொடுங்கள்" என்பதும் சரியான பதில் ஆகாது. நடக்கத் தெம்பு இருக்கிறதா, இதயம் தாங்குமா, அந்த வட்டாரத்தில் வழக்கமாக எத்தனை ஆண்டு காத்திருக்க வேண்டும் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். காத்திருப்பு நீளமாக உள்ள இடத்தில் சுமாரான சிறுநீரகத்தின் மதிப்பு உயர்கிறது. குறைவாக உள்ள இடத்தில் பொறுத்திருப்பதே புத்திசாலித்தனமாக இருக்கலாம்.

குப்பைக்குப் போகும் சிறுநீரகங்கள்

நடைமுறையில் பெரியவர்களுக்கென்று இருப்பதாக நாம் பேசிக்கொண்டிருக்கும் அந்த 85-க்கு மேற்பட்ட சிறுநீரகங்களில் பாதிக்கு மேல் அமெரிக்காவில் யாருக்கும் பொருத்தப்படாமல் வீணாகின்றன. உடலிலிருந்து எடுக்கப்பட்ட மொத்தச் சிறுநீரகங்களில் சுமார் நான்கில் ஒரு பங்குக்கு இதே கதி. பட்டியலிலோ ஏறத்தாழ 90,000 பேர். கொடையாளரின் குடும்பம் துக்கத்தின் நடுவே சரி என்று சொல்லி, எடுத்து, பெட்டியில் வைத்து, கடைசியில் தூக்கிப்போடுவது.

யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை. வரிசையில் முதலில் நிற்பவரின் மருத்துவமனைக்குச் சிறுநீரகம் பற்றிய தகவல் போகிறது. கொடையாளருக்கு ரத்தக் கொதிப்பு, கிரியாட்டினின் சற்று அதிகம். வேண்டாம் என்கிறார்கள். அடுத்தவரின் மருத்துவமனை, அதற்கடுத்தது. ஒவ்வொரு மறுப்புக்கும் நேரம் கரைகிறது; நேரம் கரையக் கரைய சிறுநீரகம் இன்னும் மோசமாகிறது; அதனால் அடுத்த மறுப்பு இன்னும் எளிதாகிறது. அங்கே ஒவ்வொரு மருத்துவமனையின் ஓராண்டு வெற்றி விகிதமும் பகிரங்கமாக வெளியிடப்படுகிறது. சுமாரான சிறுநீரகத்தை வயதான நோயாளிக்கு வைத்து, அது தோற்றால் கணக்கில் விழும். வைக்காமல் விட்டு, அந்த நோயாளி டயாலிசிஸில் இறந்தால் அதே அளவுக்கு யாரும் கேட்கமாட்டார்கள். விதியின் எழுத்தில் வயதானவருக்கு எதிராக ஒரு சொல்கூட இருக்க வேண்டியதில்லை. கணக்கு வைக்கும் முறையே போதும்.

பிரான்ஸோடு ஒப்பிட்ட ஆய்வு ஒன்று இதைத் துலக்கிக் காட்டியது. 2004 முதல் 2014 வரை அமெரிக்காவில் 17.9 சதவீதச் சிறுநீரகங்கள் வீணாயின, பிரான்ஸில் 9.1 சதவீதம். பிரெஞ்சுக்காரர்கள் பயன்படுத்தியவை மேலும் வயதானவர்களின் சிறுநீரகங்களும்கூட. அவர்களுடைய நடைமுறையை அமெரிக்கா பின்பற்றியிருந்தால் அந்தப் பத்தாண்டுகளில் வீணானவற்றில் 17,000-க்கும் மேற்பட்டவை யாருக்காவது பயன்பட்டிருக்கும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள்.

சிறுநீரகம் உண்மையிலேயே தளர்ந்திருந்தால் அதற்கும் ஒரு வழி இருக்கிறது. இத்தாலியின் ஜுசெப்பே ரெமுஸ்ஸி குழுவினர், வயதான கொடையாளரின் சிறுநீரகத்திலிருந்து துளி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்து 12-க்கு மதிப்பெண் போடும் முறையை உருவாக்கினார்கள். 3 வரை என்றால் ஒன்றே போதும். 4 முதல் 6 வரை என்றால் இரண்டையும் ஒரே நோயாளிக்கு வைக்கலாம். அதற்கு மேல் என்றால் வேண்டாம். இப்படித் தேர்ந்தெடுத்து வைத்தவை, 60 வயதுக்கு உட்பட்டவர்களின் சிறுநீரகங்களுக்கு ஈடாக உழைத்ததை அவர்கள் 2006-ல் காட்டினார்கள். இரண்டு அரைகள் சேர்ந்து ஒன்று. இந்த எளிய கூட்டல் பல நாட்டு விதிகளில் இன்னும் ஓரமாகவே கிடக்கிறது.

பட்டியலுக்கு முந்தைய வரிசை

இவ்வளவு நேரம் பேசியதெல்லாம் பட்டியலில் பெயர் உள்ளவர்களைப் பற்றி. வயதானவர்களில் பெரும்பாலோர் அங்கே வருவதே இல்லை. டயாலிசிஸ் மையத்திலிருந்து மாற்று மையத்துக்கு அனுப்பிவைக்கப்படுவதிலேயே வடிகட்டல் தொடங்கிவிடுகிறது. "இந்த வயதில் எதற்கு?" என்று குடும்பமும் சொல்லும், சில நேரம் மருத்துவரும் சொல்வார். சிறுநீரக மருத்துவத்தின் உலக வழிகாட்டியான கேடிகோ, 2020-ல் வெளியிட்ட நெறிகளில், வயதை மட்டும் காரணம் காட்டி யாரையும் விலக்கக் கூடாது என்று சொல்கிறது. உடல் தளர்வு, இதய நோய், மற்ற நோய்கள் ஆகியவற்றோடு சேர்த்துத்தான் வயதைப் பார்க்க வேண்டும்.

பட்டியலில் ஏறிய பிறகும் இடம் நிலையானது அல்ல. அழைப்பு வரும் நாளில் இதயப் பரிசோதனை அறிக்கை பழையதாகிவிட்டிருந்தால், அல்லது கால் புண்ணுக்காக மருத்துவமனையில் படுத்திருந்தால், பெயர் தற்காலிகமாகச் செயல்படாத நிலைக்கு மாற்றப்படும். அமெரிக்க விதியில் அப்போதும் காத்திருப்புக் காலம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். சிறுநீரகம் மட்டும் வராது. பல பெரியவர்கள் மாதக்கணக்கில் இந்த நிலையில் இருக்கிறார்கள், சிலருக்கு அது தெரிவதுகூட இல்லை. மையத்தைத் தொலைபேசியில் கூப்பிட்டு, "என் பெயர் இப்போது செயலில் இருக்கிறதா?" என்று கேட்பதற்கு ஒரு நிமிடம் போதும்.

படிவத்தில் கையெழுத்திடுவதன் விளைவும் நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்காவில் 85-க்கு மேற்பட்டதற்குச் சம்மதித்தால் மற்ற சிறுநீரகங்களுக்கான இடம் பறிபோகாது. கூடுதலாக ஒரு வரிசையில் நிற்கிறீர்கள், அவ்வளவுதான். சம்மதத்தைப் பிறகு திரும்பப் பெறவும் முடியும். ஜெர்மனியில் 65-ஐத் தாண்டியவர் முதியோர் திட்டமா, வழக்கமான பட்டியலா என்று ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒன்றில் வேகம், இன்னொன்றில் தரம்.

கடைசிக்கு என்று ஒதுக்கிவைத்த விஷயத்துக்கு வருகிறேன். உயிரோடிருப்பவர் தரும் சிறுநீரகத்துக்கு மேலே சொன்ன எந்த வரிசையும் இல்லை. மதிப்பெண் இல்லை, 65 என்ற கோடு இல்லை. 66 வயது மனைவி 70 வயதுக் கணவருக்குத் தரும் சிறுநீரகம், இளம் வயதுடையதாக இல்லாவிட்டாலும், முழுப் பரிசோதனைக்குப் பிறகு, திட்டமிட்ட நாளில், ஓரிரு மணி நேரத்துக்குள் இடம் மாறுகிறது. காத்திருப்பு என்ற பெரிய அபாயம் கணக்கிலிருந்தே விலகிவிடுகிறது. பெற்றோர் பலர் பிள்ளைகளிடமிருந்து வாங்கிக்கொள்ள மறுப்பார்கள். அந்தத் தயக்கத்தை விதியால் தீர்க்க முடியாது. ஆனால் தந்தவரை அமெரிக்க விதி மறப்பதில்லை. ஒரு சிறுநீரகத்தைக் கொடுத்த ஒருவருக்குப் பல ஆண்டு கழித்து, எழுபது வயதில், மிச்சமிருக்கும் சிறுநீரகமும் பழுதாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பட்டியலில் அவருக்குத் தனி முன்னுரிமை உண்டு. மதிப்பெண் 20-க்குள் இருக்கும் அந்த மிகச் சிறந்த சிறுநீரகங்களின் வரிசையிலும், குறைந்த இ.பி.டி.எஸ். உள்ள இளைஞர்களுக்கு முன்னால் அவர் நிறுத்தப்படுவார்.